பெரிய ஏபி ஒன்றா, சின்ன ஏபி மூன்றா? டேப்லெட் வகுப்புக்கு வைஃபை

தக்கலை_வகுப்பறை:
தக்கலை பக்கம் டியூஷன் சென்டர் நடத்துகிறேன். முன்னால் பழைய ஓட்டு வீடு, பின்னால் கான்கிரீட் ஹால், முற்றத்துக்கு அப்பால் ஒரு தகர ஷெட். மூன்று இடத்திலும் வகுப்பு உண்டு. பிள்ளைகளுக்கு 30 டேப்லெட் வைத்திருக்கிறோம். பாதி பழையவை, வைஃபையின் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டில் (அலைவரிசையில்) 2.4 மட்டும் பிடிப்பவை. வீட்டு நடு அறையில் இருக்கும் ரவுட்டரின் வைஃபைதான் எல்லாவற்றுக்கும். வாரத் தேர்வை எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் ஏழெட்டுப் பேருக்குப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஷெட்டில் இரண்டு மூன்று கோடு சிக்னல் காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. ரவுட்டரில் கேபிள் குத்தி லேப்டாப்பில் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் அப்படியே வருகிறது. தேர்வு நடுவில் அறுந்தால் பிள்ளைகள் பதறிப்போகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பெரிய ஏபி (ஆக்சஸ் பாயின்ட், வைஃபை பரப்பும் கருவி) ஒன்று வாங்கவா? சின்னதாக மூன்று வைக்கவா? இருப்பதிலேயே செட்டிங் மாற்றினால் போதுமா?

பார்வதிபுரம்_வயர்மேன்:
டீச்சர், ஒன்று போதும். தூரத்துக்கென்றே வரும் ஏபி ஒன்றை வாங்கி, ஹால் சுவரில் உயரமாக, முற்றத்தைப் பார்த்து மாட்டுங்கள். பவரை ஹையில் வையுங்கள். சேனலை, அதாவது பேண்டுக்குள் ஏபி பேசும் துண்டை, ஆட்டோவில் விடுங்கள். நாகர்கோவில் வட்டாரத்தில் லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று நிறைய இடத்தில் இந்த வேலை செய்துகொண்டிருக்கிறேன். ஏபி கூடினால் தொந்தரவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுக்க வேண்டும், பிஓஇ (நெட் கேபிள் வழியாகவே கரண்ட்) கொடுக்க வேண்டும், எலி கடிக்கும், ஓட்டு இடுக்கில் மழைத்தண்ணீர் இறங்கும். கெட்டால் எது கெட்டது என்று தேடுவதே தனி வேலை. டியூஷன் நடத்துகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

முட்டம்_அலை:
அண்ணாச்சி, கேபிள் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பவர் விஷயத்தில் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. திருவிழா மைக்செட்டில் கூப்பிடுவது ஊர்க்கோடி வரை கேட்கும், அங்கிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னால் மேடைக்குக் கேட்காது. டீச்சர் ஷெட்டில் நடப்பது அதுதான். டேப்லெட் காட்டும் கோடு, ஏபி பேசுவது இங்கே எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே சொல்லும். திரும்பிப் போகும் பேச்சைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கணக்கும் பாருங்கள். ஏபியை முழுப் பவரில் வைத்தால் 20 டிபிஎம்முக்கு (சிக்னல் வலிமையின் அளவு) மேல் போகும். 20 என்றால் 100 மில்லிவாட். டேப்லெட் பேட்டரியில் ஓடுவது, பெரும்பாலும் 15 டிபிஎம் அளவில்தான் அனுப்பும், அதாவது சுமார் 32 மில்லிவாட். நீங்கள் ஏபியில் எவ்வளவு ஏற்றினாலும் இந்த 32 கூடப்போவதில்லை. அதனால் ஏபியின் பவரை டேப்லெட்டின் அளவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து, ஏபியைப் பிள்ளைகளுக்கு அருகில் வைப்பதே சரி.

பார்வதிபுரம்_வயர்மேன்:
தம்பி, பாதிதான் சொன்னீர்கள். தூர ஏபியில் ஆன்டெனா பெரிது. பெரிய ஆன்டெனா அனுப்புவதை மட்டுமல்ல, கேட்பதையும் கூட்டும். டேப்லெட்டின் மெல்லிய குரலை அது நன்றாகவே பிடிக்கும். லாட்ஜில் நான்கு அறை தள்ளி இருப்பவர் ஒரு குறையும் இல்லாமல் படம் பார்க்கிறாரே!

முட்டம்_அலை:
ஆன்டெனா இரு வழிக்கும் உதவும் என்பது சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் லாட்ஜில் ஒரு அறைக்கு ஒருவர் இருவர், ஆளுக்கொரு நேரத்தில் பார்ப்பார்கள். வகுப்பில் 30 பேர் ஒரே நொடியில் வினாத்தாளைத் திறக்கிறார்கள். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். தூரத்தில் இருக்கும் டேப்லெட் மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும், அதே பக்கத்தை அனுப்ப அது பல மடங்கு நேரம் எடுக்கும். ஷெட்டில் இருக்கும் ஐந்து பேர் அப்படி இழுத்தால் ஏபிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஷெட்டில் இருப்பவருக்கு வீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, அதனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி மோதுவதும் நடக்கும். எவ்வளவு பெரிய ஆன்டெனாவும் இதைத் தீர்க்காது.

அதோடு அது தகர ஷெட். தகரம் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஜன்னல், கதவு வழியாகக் கசிந்து வருவதுதான் இப்போது கோடாகத் தெரிகிறது. ஷெட்டுக்குள் ஒரு ஏபி இல்லாமல் இது ஆகாது.

மார்த்தாண்டம்_லேப்:
பள்ளிக் கணினி லேப் பார்க்கிறேன். ஏபி எண்ணிக்கையில் முட்டம் சொல்வதோடு நிற்கிறேன். ஆனால் ஏபியைக் கூட்டிவிட்டு செட்டிங்கை அப்படியே விட்டால் இன்னும் மோசமாகும், டீச்சர். முதலில் 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். பல ஏபியில் 40 அல்லது ஆட்டோ என்று இருக்கும். அந்தப் பேண்டில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டுமே. 40 வைத்தால் பாதிப் பேண்டை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். அப்புறம் 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகங்களை அணைத்துவிடுங்கள். உங்கள் பழைய டேப்லெட்டுக்குக்கூட அவை தேவைப்படாது.

வைஃபை பாதுகாப்பு முறைக்கு டபிள்யூபிஏ2, அதில் ஏஇஎஸ் என்ற மறையாக்கம் மட்டும் வையுங்கள். பழைய மறையாக்கமான டிகேஐபி கலந்த முறை இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் சேரும் கருவிக்கு 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்காது. புதிய டபிள்யூபிஏ3 கலப்பு முறையில் பழைய டேப்லெட் சில சேரவே சேராது, சேர்ந்தாலும் அடிக்கடி விழும்.

முட்டம்_அலை:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். 2.4-க்கு ஒரு பெயர், 5-க்கு வேறு பெயர் என்று பிரியுங்கள். புதிய டேப்லெட்டில் 5-இன் பெயரை மட்டும் சேமித்து வைத்தால் அது 2.4-க்கு இறங்கிவரவே வராது. பேண்ட் ஸ்டியரிங் என்று ஏபி தானாகத் தள்ளிவிடும் வசதியை நான் நம்புவதில்லை. முதல் தடவை சேர வரும்போது ஏபி பதில் சொல்லாமல் இருந்துவிடும். பொறுமையில்லாத டேப்லெட் 'இணைக்க முடியவில்லை' என்று நின்றுவிடும்.

மார்த்தாண்டம்_லேப்:
பேண்ட் ஸ்டியரிங்கை அணைக்கலாம், சரி. பெயரைப் பிரிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஏபி நொடிக்குப் பத்துத் தடவை போல 'நான் இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டு, ஆசிரியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் 2.4-இல் அந்த அறிவிப்பே நேரத்தைத் தின்றுவிடும். பிள்ளை ஹாலிலிருந்து ஷெட்டுக்கு நடக்கும்போது 5 எட்டாத இடம் வரும். ஒரே பெயர் இருந்தால் அங்கே 2.4-க்கு மாறிக்கொள்ளும். 5 மட்டும் தெரிந்த டேப்லெட் அறுந்து நிற்கும்.

எந்த ஏபிக்குத் தாவுவது என்பதை முடிவு செய்வது டேப்லெட்தான், ஏபி இல்லை. ஐபாட் மைனஸ் 70 டிபிஎம் வரை பிடித்த ஏபியை விடாது (மைனஸுக்குப் பின் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்). அப்புறமும் அடுத்தது 8 டிபி நன்றாக இருந்தால்தான் தாவும். ஏபியின் பவர் ஹையில் இருந்தால் அந்த 70 வருவதே இல்லை, பழைய ஏபியையே கட்டிக்கொண்டு கிடக்கும். பவரைக் குறைக்கச் சொல்ல எனக்கு இது இன்னொரு காரணம். வேகமாகத் தாவ 802.11 ஆர் என்று ஒரு வசதி உண்டு, பழைய ஆண்ட்ராய்டு சில அதைப் பார்த்தாலே சேர மறுக்கும். தேர்வு எழுதும் பிள்ளை நடந்துகொண்டா எழுதப் போகிறது? அணைத்து வையுங்கள்.

குலசேகரம்_மழை:
எல்லோரும் ரேடியோவிலேயே நிற்கிறீர்கள். நம்ம மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. முற்றத்தின் குறுக்கே செம்புக் கேபிளைத் தொங்கவிட்டால் பக்கத்தில் எங்கே மின்னல் விழுந்தாலும் ஏபியும், நெட் கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்சும் சேர்ந்து போகும். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஃபைபர் போட்டு, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். ஃபைபருக்குள் மின்சாரம் பாயாது. செலவு பயப்படும் அளவுக்கு இல்லை.

கரண்ட் போய் வருவதும் ஒரு காரணம். ஏபி முதலில் எழுந்து நெட் பின்னால் வந்தால், ஆண்ட்ராய்டு அந்த வைஃபையை 'இணையம் இல்லை' என்று குறித்துவிடும். சிம் இருக்கும் டேப்லெட் மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். ஃபைபர் மோடம், ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

பார்வதிபுரம்_வயர்மேன்:
குலசேகரம் சொன்னது நூற்றுக்கு நூறு. ஹாலுக்குள் இழுக்கும் கேபிளையாவது முழுச் செம்பாக வாங்குங்கள் டீச்சர். அலுமினியத்தில் செம்பு பூசியது பாதி விலைக்குக் கிடைக்கும், பிஓஇ கொடுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி ஏபி தானாக அணைந்து எழும். அதைப் பார்த்துவிட்டு வைஃபை சரியில்லை என்பார்கள்.

ஆனால் சேனலை ஆட்டோவில் விடுவதில் என்ன குறை? அக்கம்பக்கம் புது ரவுட்டர் வந்தால் அது தானே விலகிக்கொள்ளும். நிலைச் சேனல் வைத்தால் யார் வந்து பார்ப்பது?

முட்டம்_அலை:
விலகும் நேரம்தான் குறை. ஆட்டோ சில ஏபியில் பகலிலும் சேனல் மாற்றும், அந்த நொடி 30 டேப்லெட்டும் அறுந்து சேரும். 5-இல் இன்னொன்றும் உண்டு. 2018-இல் இங்கே 5 ஜிகாஹெர்ட்ஸில் நிறையப் பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். ஆட்டோ அதில் எங்கேயும் போய் உட்காரலாம். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ஏபி ரேடார் இருக்கிறதா என்று காது கொடுக்கும். சந்தேகம் வந்தால் உடனே காலி செய்யும், அடுத்த இடமும் அதே வகையென்றால் 60 நொடி சும்மா கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் இருக்கும் வானிலை ரேடாரும் சி பேண்ட்தான் (5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் அதற்குள்தான் வரும்), அது ஒன்றும் வெகுதூரம் இல்லை. 36, 44, 149, 157 என்று ரேடார் இல்லாத சேனல்களில் நிறுத்திவிட்டால் இந்தக் கவலையே கிடையாது.

பார்வதிபுரம்_வயர்மேன்:
சரி, தேர்வு நடக்கும் இடத்துக்கு நிலைச் சேனல் என்பதை ஏற்கிறேன். லாட்ஜுக்கு நான் ஆட்டோவைத்தான் வைப்பேன்.

தக்கலை_வகுப்பறை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஏபி வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது, ஹாலுக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று. வீட்டில் ரவுட்டரின் வைஃபையே இருக்கட்டுமா? இன்னொரு விஷயம், மாலையில் பெற்றோர் வந்து போன பிறகு ஒன்றிரண்டு டேப்லெட்டில் 'ஐபி முகவரி கிடைக்கவில்லை' என்று வருகிறது.

மார்த்தாண்டம்_லேப்:
ரவுட்டரில் டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) வரம்பைப் பாருங்கள். சிலவற்றில் 100 முதல் 149 வரை என்று 50 முகவரிதான் வைத்து வரும், லீஸ் (ஒரு கருவி முகவரியை வைத்திருக்கும் காலம்) 24 மணி நேரம் இருக்கும். பெற்றோரின் போன்கள் ஒரு தடவை சேர்ந்தாலே நாள் முழுக்க முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வரம்பை 20 முதல் 250 வரை நீட்டி, லீஸை 2 மணி நேரமாக்குங்கள். பெற்றோருக்கு விருந்தினர் வைஃபை கொடுங்கள். மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) வைத்து டேப்லெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு போட நினைத்தால் கவனம். ஆண்ட்ராய்டு 10 முதல் டேப்லெட் பொதுவாகத் தன் உண்மையான மேக்கைக் காட்டுவதில்லை. உண்மையான மேக்கைப் பூட்டில் பதிந்திருந்தால் டேப்லெட் வெளியே நிற்க நேரிடலாம்.

முட்டம்_அலை:
ரவுட்டரின் வைஃபையும் இருக்கட்டும், அதே பெயர், அதே பாஸ்வேர்டு. 2.4-இல் வீட்டுக்கு 6, ஹாலுக்கு 1, ஷெட்டுக்கு 11. மூன்றிலும் பவர் லோ.

பார்வதிபுரம்_வயர்மேன்:
லோ வேண்டாம் டீச்சர், மீடியத்தில் தொடங்குங்கள். ஹாலின் கான்கிரீட் தூண்கள் 5-ஐ நன்றாகவே குடிக்கும். வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் பழைய டேப்லெட்டில் போட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். மைனஸ் 67-க்கு மேலே, 60 பக்கம் நின்றால் ஒரு படி இறக்கலாம். 67-க்குக் கீழே போனால் அப்படியே விடுங்கள். ஷெட்டில் தகரமே மதில் போல நிற்பதால் அங்கே மட்டும் தம்பி சொன்னபடி லோவிலேயே வையுங்கள்.