முகவரி தேடிப் பழகிய ஊர்கள்

ஒரு ஊரில் கொஞ்ச காலம் இருந்தவரிடம் நான் முதலில் கேட்பது, அங்கே வீடு கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான். ஊர் எப்படிப்பட்டது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும் என்று நம்புகிறேன்.

டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரியில் வருவது வட்டாரப் பெயரும் மூன்று எண்களும்: வட்டாரத்தின் எந்தப் பகுதி, அதில் எந்தத் தொகுதி (தெருக்கள் சூழ்ந்த கட்டடக் கூட்டம்), தொகுதியில் எந்தக் கட்டடம். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றி எண்ணிட்ட இடங்களில் கட்டட எண்கள் தொகுதியைச் சுற்றி வரிசையாகவே போகும். மாற்றாத இடங்களில் பழைய மனை எண்தான் முகவரி. அங்கே 5க்குப் பக்கத்தில் 18 இருக்கும், 6 எங்கேயோ பின்னால் இருக்கும்.

அதனால்தான் ‘கோபான்’ எனப்படும் சின்னக் காவல் சாவடிகள் அங்கே அவ்வளவு முக்கியம். வழி சொல்வது அங்குள்ள காவலர்களுடைய அன்றாட வேலைகளில் ஒன்று. ஒரு மழை நாளில் முகவரிச் சீட்டோடு போய் நின்றேன். உள்ளே இருந்த காவலர் வட்டார வரைபடத்தை எடுத்துப் போட்டு, விரலால் ஒவ்வொரு தொகுதியாகத் தடவி இடத்தைக் கண்டுபிடித்தார். அவர் பேசியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது போல. குடையை எடுத்துக்கொண்டு முனை வரை கூடவே வந்து, திரும்ப வேண்டிய இடத்தைக் கைநீட்டிக் காட்டினார். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான். கைப்பேசி வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். கட்டடம் வரை அது கொண்டுபோய் விடும், வாசல் எந்தப் பக்கம் என்பதைப் பல நேரம் சொல்லாது.

வெனிஸ் வேறு மாதிரி. ஊர் 6 பிரிவுகள், தெருவுக்குத் தெரு இல்லாமல் பிரிவு முழுவதற்கும் ஒரே எண் வரிசை. காஸ்தெல்லோ பிரிவில் அது 6000ஐத் தாண்டிப் போகிறது. தெருப் பெயர் இல்லாமல் பிரிவும் எண்ணும் மட்டும் கொடுத்தால் உள்ளூர்க்காரரே யோசிப்பார். தங்குமிடத்தை உறுதிசெய்யும்போதே பக்கத்தில் உள்ள பாலம் அல்லது தேவாலயத்தின் பெயரைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சுவர்களில் ரியால்தோ, சான் மார்கோ என முக்கிய இடங்களின் பெயரும் அம்புக்குறியுமாக இருக்கும் மஞ்சள் பலகைகள் மீதி வழிக்குப் போதும்.

சிங்கப்பூரில் இந்தப் பாடு எதுவும் இல்லை. ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக 6 இலக்க அஞ்சல் குறியீடு, அடுக்குமாடிச் சுவரிலேயே பெரிய எழுத்தில் ப்ளாக் எண். வசதியில் அதற்கு இணையாக நான் வேறு ஊரைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே இருந்த காலத்தில் யாரிடமும் வழி கேட்ட நினைவே எனக்கு இல்லை.

அப்புறம் பெங்களூரு. மெயின் (முதன்மைத் தெரு), கிராஸ் (குறுக்குத் தெரு) என்று எண் போட்ட தெருக்கள், பார்க்கக் கணக்குப் போலத் தெளிவாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், 5வது கிராஸ் ஒவ்வொரு பேட்டையிலும் உண்டு. லேஅவுட், ப்ளாக், ஸ்டேஜ் என்ற பகுதிப் பெயர்கள் மூன்றும் கேட்டு வாங்காமல் ஆட்டோ ஏறக் கூடாது. வீட்டு எண்ணும் குழப்பினால், மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைத்தான் நான் தேடுவேன். எண்ணைச் சொன்னால் யோசிப்பார். வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால், எந்த மாடி என்பது வரை உடனே சொல்லிவிடுவார்.