சின்சினாட்டி: பஸ், டிராம், ஓட்டுச்சீட்டு – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கிளிஃப்டனிலிருந்து:

இந்த வருஷம் யு.சி.யில் (ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் சின்சினாட்டி) சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணா, இந்த ஊர்ல கார் இல்லாம காலந்தள்ள முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியும். ஆனால் எந்த பஸ் எத்தனை மணி வரைக்கும் ஓடும் என்பதைச் சின்சினாட்டியில் தீர்மானிப்பது ஓட்டுப்பெட்டி. மேயர், கவுன்சிலர் பெயர்களோடு 'இஷ்யூ 7', 'இஷ்யூ 22' என்று நம்பர் போட்ட கேள்விகளும் சீட்டில் வரும். பழைய ஆட்களிடம் நம்பரைச் சொன்னால் போதும், அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

2013 குளிர்காலம். நான் அப்போது மாணவன். டிராம் திட்டத்தை எதிர்த்தே பிரச்சாரம் செய்த ஜான் கிரான்லி மேயராக ஜெயித்திருந்தார். அதற்கு முன் 2009-இல் இஷ்யூ 9, 2011-இல் இஷ்யூ 48 என்று இரண்டு தடவை டிராமைத் தடுக்கப் பார்த்தார்கள், இரண்டு தடவையும் மக்கள் விடவில்லை. எல்ம் தெருவில் மியூசிக் ஹால் பக்கம் தண்டவாளமே போட்டாகிவிட்டது. இந்த நிலையில் டிசம்பர் முதல் வாரத்தில் வேலையை நிறுத்தி வைத்தது புது கவுன்சில்.

லேப் நண்பனோடு பிளம் தெருவில் இருக்கும் சிட்டி ஹாலுக்குப் போனேன். உள்ளே நிற்க இடமில்லை. பேச விரும்புகிறவர்கள் ஒரு அட்டையில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுக்க வேண்டும், கூப்பிட்டால் மைக் முன்னால் போகலாம், பேச்சு இரண்டு நிமிடத்தோடு சரி. முக்கால்வாசிப் பேர் டிராம் கட்சி. நானும் அதே கட்சிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான கறுப்பின அம்மா மட்டும் யார் பேசினாலும் கைதட்டவில்லை.

"நீ எங்கே குடியிருக்கே?" என்று கேட்டார். கிளிஃப்டன் என்றேன். "அங்கே வருதா இது?" வராது. முதல் திட்டத்தில் மலையேறி யுனிவர்சிட்டி வரை வருவதாகத்தான் இருந்தது. 2011-இல் கவர்னர் ஜான் கேசிக் வந்ததும் மாநிலத்தின் 5.2 கோடி டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், மேட்டுப் பக்கம் வெட்டுப்பட்டது. மிச்சம் இருப்பது டவுன்டவுனையும் அதை ஒட்டிய ஓவர்-தி-ரைன் பகுதியையும் சுற்றும் 3.6 மைல்தான். "அப்போ உனக்கும் வராது, எனக்கும் வராது" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். பிறந்து வளர்ந்தது வெஸ்ட் எண்டின் கென்யன்-பார் பகுதி. 1950-களின் கடைசியில் தொடங்கி அந்தப் பகுதியையே இடித்துத் தள்ளினார்கள். இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள், பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். ஐ-75 நெடுஞ்சாலையும் குவீன்ஸ்கேட் என்ற தொழிற்பேட்டையும் அந்த இடத்தில் வந்தன. "என் ஸ்கூல், சர்ச், நாங்க குடியிருந்த தெரு, எதுவும் மேப்ல இல்ல. அப்பவும் இப்படித்தான் படம் வரைஞ்சு காட்டினாங்க, மரமெல்லாம் போட்டு." கவுன்சில் இதற்கு மன்னிப்புக் கேட்டது 2023-இல். அதை அந்தம்மா பார்த்தாரா என்று தெரியாது.

அவருடைய முறை வந்தபோது எழுந்து போய்ச் சுருக்கமாகப் பேசினார். அவர் கேட்டது பஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக ஒரு பஸ். டிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரித்தே செய்தி போட்ட டிவிக்காரர்கள் அவரை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ.

அடுத்து நடந்தது பலருக்குத் தெரியும். டிராம் ஆதரவாளர்கள் கொட்டும் குளிரில் தெருத்தெருவாக நின்று சில நாட்களில் பத்தாயிரத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். நான் சிட்டிசன் இல்லை, ஓட்டும் கிடையாது, கையெழுத்துப் போடவும் உரிமை இல்லை, காபி வாங்கிக் கொடுத்தேன். பாதியில் நிறுத்தினாலும் பல மில்லியன் டாலர் தண்டம் என்று ஆடிட் அறிக்கை வந்தது. ஹெயில் அறக்கட்டளை டிராமை ஓட்டும் செலவுக்குப் பத்து வருஷத்தில் 90 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. டிசம்பர் 19-ஆம் தேதி 6-க்கு 3 என்று கவுன்சில் மறுபடி தொடங்கச் சொன்னது, மேயர் வீட்டோ போட முடியாத எண்ணிக்கை. 2016 செப்டம்பர் 9 அன்று வண்டி ஓடியது. 2020-இலிருந்து டிக்கெட்டே இல்லை.

தண்டவாளம் என்றாலே இந்த ஊருக்கு இவ்வளவு பயம் ஏன் என்பதற்கு ஒரு காரணம் சென்ட்ரல் பார்க்வே சாலையின் அடியில் இருக்கிறது, ஓடாமலே போன சுரங்க ரயில் பாதை. முன்பெல்லாம் அருங்காட்சியகத்துக்காரர்கள் கீழே கூட்டிப் போய்க் காட்டுவார்கள், ஒருமுறை போயிருக்கிறேன். ரேஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் பிளாட்பாரம் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, தண்டவாளம் மட்டும் கிடையாது. சுரங்கத்தில் ரயில் ஓட வேண்டிய பக்கத்தில் பெரிய குடிநீர்க் குழாய் ஓடுகிறது. 1916-இல் மக்கள் 60 லட்சம் டாலர் கடனுக்கு ஓட்டுப் போட்டார்கள். நடுவில் உலகப் போர், விலையெல்லாம் ஏறிவிட்டது. 1920-இல் பழைய கால்வாய்ப் படுகையில் வேலை தொடங்கி, இரண்டு மைல் சுரங்கம் முடிந்த நிலையில் காசு தீர்ந்தது. ஓடவே ஓடாத ரயிலுக்கு 1966 வரை கடன் கட்டினார்கள். தாத்தா கட்டியதைப் பேரன் மறந்திருப்பானா?

மேசனிலிருந்து:

கிளிஃப்டன் அண்ணாவுக்கு வணக்கம். நீங்க ஓட்டு இல்லைன்னு வருத்தப்படறீங்க. எங்க கதையைக் கேளுங்க. வேலை டவுன்டவுன்ல, வீடு மேசன்ல. நம்ம ஆளுங்க பாதிப் பேர் இங்கேதான், ஸ்கூலுக்காக. மேசன் சின்சினாட்டி சிட்டியும் இல்ல, அந்த சிட்டி இருக்கற ஹாமில்டன் கவுன்டியும் இல்ல, வாரன் கவுன்டி. ஆனா வேலை சிட்டிக்குள்ள இருக்கறதால சம்பளத்துல 1.8 சதவீதம் சிட்டிக்குப் போகுது. சிட்டிசனே ஆனாலும் அந்த ஊர் மேயருக்கு எங்களால ஓட்டுப் போட முடியாது. அப்புறம் எதுக்கு நாங்க டிராமைப் பத்தி அக்கறைப்படணும்?

எனக்கு மறக்க முடியாதது 2020 நவம்பர். ஒஹாயோ ஆத்தைத் தாண்டற பிரென்ட் ஸ்பென்ஸ் பாலத்துல நடுராத்திரி ரெண்டு லாரி மோதி தீப்பிடிச்சு பாலத்தையே மூடிட்டாங்க. சின்சினாட்டி ஏர்போர்ட் இருக்கறது ஆத்துக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில, புதுசா வர்றவங்க தெரிஞ்சுக்கங்க. இந்தியாவுக்குப் போற மாமனார் மாமியாரைக் கூட்டிக்கிட்டு ஊரைச் சுத்திப் போற 275 ஹைவேல போனேன். நான் ஒருத்தன் மட்டுமா, ஊரே அங்கேதான் நின்னுது. மாமியார் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிச்சு வண்டியிலேயே சாப்பிட்டோம். ஆறு வாரம் அந்தக் கூத்து.

1963-ல திறந்த பாலம். ஒரு நாளைக்கு 80,000 வண்டின்னு கணக்குப் போட்டுக் கட்டினது, இப்ப போறது அதுல ரெண்டு மடங்கு. பக்கத்துலயே புதுப் பாலம் கட்ட மத்திய அரசு 160 கோடி டாலர் குடுத்துது. 2023 ஜனவரியில அப்ப அதிபரா இருந்த பைடனும் எதிர்க்கட்சி செனட்டர் மெக்கானலும் சேர்ந்து வந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அரசியல்ல எதிரெதிரா இருக்கறவங்களே பாலம்னா ஒண்ணா நிக்கறாங்க பாருங்க.

ஓவர்-தி-ரைனிலிருந்து:

மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த டிராம் இல்லையென்றால் நாலு சுவருக்குள்தான் கிடப்பேன். கதவுப் பக்கத்தில் பட்டனை அழுத்தினால்தான் திறக்கும், முதல் நாள் அது தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன், ஒரு பிள்ளை உள்ளிருந்து திறந்துவிட்டான். ஃபிண்ட்லே மார்க்கெட் வாசலில் இறங்கி, வெண்டைக்காய், பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பி விடுவேன். காசு கேட்பதில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. தண்டவாளத்தின் மேல் எவனாவது பார்சல் வேனை நிறுத்திவிட்டுப் போய்விட்டால் வண்டி நகராது. டிரைவர் அம்மா மணி அடித்துக்கொண்டே இருப்பார். விலகிப் போக வழியில்லையே. போன வாரம் எல்லாரும் இறங்கி நடந்தோம், என் பையை ஒரு பெரியவர் தூக்கி வந்தார். பக்கத்துத் தெருவில் நாற்பது வருஷமாகக் குடியிருந்தாராம். டிராம் வந்த பிறகு வாடகை ஏறி இப்போது வேறு பக்கம் போய்விட்டாராம், முடி வெட்ட மட்டும் இங்கே வருகிறார். டிராமாலா, கூடவே வந்த புதுக் கட்டடங்களாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு டிராம் மேல் கோபம் ஒன்றும் இல்லை, ஏறித்தானே வந்தார்.

ஏவொன்டேலிலிருந்து:

ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட். முன்னால் வேலை முடிந்து வந்தால் பஸ் இருக்காது, ஊபருக்கே சம்பளத்தில் ஒரு பங்கு போகும். 2020-இல் இஷ்யூ 7 மயிரிழையில் ஜெயித்தது. அதுவும் கொரோனாவில் எல்லாரும் தபாலில் ஓட்டுப் போட்ட தேர்தல். ஹாமில்டன் கவுன்டி முழுக்க விற்பனை வரி 0.8 சதவீதம் ஏறியது, அதில் நாலில் மூன்று பங்கு மெட்ரோ பஸ்ஸுக்கு, மீதி ரோடு, பாலத்துக்கு. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து ரீடிங் ரோடில் போகும் 43-ஆம் நம்பர் பஸ் ராத்திரி பூராவும் ஓடுகிறது. என்னோடு ஏறுகிறவர்கள் ஹோட்டல் துப்புரவு, கிடங்கு வேலை, செக்யூரிட்டி. மூன்று மணிக்குப் பஸ்ஸில் யார் இருக்கிறார்கள் என்று மேசன் தம்பி ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

கிளிஃப்டனிலிருந்து:

மேசன் தம்பி சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். பாலத்துக்கு முதலில் சொன்ன மொத்தச் செலவு 360 கோடி டாலர். டிராமைப் போலப் பல மடங்கு. அதற்கு எந்த இஷ்யூ நம்பரில் ஓட்டுப் போட்டோம்? யாரும் கேட்கவில்லை. கென்யன்-பாரை இடித்து ஐ-75 போட்டபோதும் அங்கே குடியிருந்தவர்களின் ஓட்டுக்குக் காத்திருக்கவில்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும் வீடு வீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும்.

இன்னொரு நம்பர் மிச்சம் இருக்கிறது, 2023-இன் இஷ்யூ 22. சின்சினாட்டிக்குச் சொந்தமாக ஒரு ரயில் பாதை இருந்தது, தெற்கே டென்னசியின் சட்டனூகா வரை 337 மைல், 1880 முதல் ஓடுவது. ரயில் கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை நார்ஃபோக் சதர்னுக்கே 160 கோடி டாலருக்கு விற்கலாமா என்பது கேள்வி. அந்த பிப்ரவரியில்தான் இதே ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்டீனில் அந்தக் கம்பெனியின் ரசாயன ரயில் கவிழ்ந்திருந்தது. மேயர் அஃப்தாப் புரேவால் (அப்பா பஞ்சாபி, அம்மா திபெத்திய அகதி) விற்கச் சொன்னார். எதிர் வீட்டுப் பெரியவர் சீட்டின் மாதிரியை எடுத்துக்கொண்டு, "கணக்குப் படிச்சவன் நீ, சொல்லு" என்று வந்து நின்றார். ஓட்டு அவருக்கு, யோசனை என்னிடம். மண்ணை விற்காதீர்கள், வாடகை வரும் வீட்டை யாராவது விற்பார்களா என்றேன். போட்டுவிட்டு வந்து, "விற்கத்தான் போட்டேன், என் தெருக் குழி எனக்குத் தெரியும்" என்றார். ஐம்பத்திரண்டு சதவீதம் அவர் பக்கம்.

அவர் சொன்னது சரிதான். அந்தப் பணத்தின் வருமானத்தை ஏற்கனவே இருக்கிற ரோடு, கட்டடம், பூங்காக்களைச் சீர்செய்ய மட்டும்தான் செலவழிக்க முடியும், சட்டம் அப்படி. ரயிலை விற்ற காசில் ஒரு அடி புதுத் தண்டவாளம் போட வழியில்லை.

கேள்வி கேட்ட தம்பிக்கு: கிளிஃப்டனில் லட்லோ தெருப் பக்கம் வீடு பார், 17-ஆம் நம்பர் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது, ராத்திரியும் உண்டு. மளிகைக்கு மட்டும் யாரையாவது காருக்குப் பிடித்துக்கொள். கவுன்சில் புதன்கிழமைகளில் கூடும். நார்த்சைட், வெஸ்ட்வுட் பக்கம் இருக்கிறவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லையே?