அம்மா அப்பாவின் 30ஆவது கலியாண நாளுக்கு ஓர் உதவி

வணக்கம் உறவுகளே. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தடிச் சனநெரிசலில் நடக்கமாட்டாமல் நின்ற அம்மம்மாவைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றி, சாவகச்சேரி வரை உருட்டிப் போனவர் அப்பா. பின்னால் கரியரைப் பிடித்தபடி நடந்தவர் அம்மா. அடுத்த வருடம் கலியாணம். கூறைகூட இரவல்தான்.

இப்போது 30 வருடம். மண்டபம், கேக் ஒன்றும் வேண்டாமாம். கைதடி முதியோர் இல்லத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுத்து, அவர்கள் முன்னால் மாலை மாற்ற வேண்டுமாம். பாயசம் மட்டும் அம்மா தன் கையால் காய்ச்சுவாராம்.

அங்கே சாப்பாடு கொடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: எத்தனை நாள் முன்னதாகக் கேட்க வேண்டும்? வீட்டில் சமைத்ததை ஏற்பார்களா? சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு என்ன செய்யலாம்?

இன்னொன்று, அந்தச் சைக்கிள் இன்னும் எங்கள் கொட்டிலில் நிற்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் அதைத் திருத்தி ஓடவைக்க, பழைய சைக்கிள் வேலை தெரிந்த ஒருவர் வேண்டும்.