தாய்லாந்தில் வண்டி சர்வீஸ்: வாரண்டி இருக்கும்போதே ‘இது சாதாரணம்’ என்று திருப்பி அனுப்புகிறார்கள், எங்கே போவது?

ஓசூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீராச்சாவில் இருக்கிறேன், இங்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. லேம் சாபாங் துறைமுகத்துப் பக்கம் வேலை. போக வர தினமும் 40 கிலோமீட்டர், பாதிக்கு மேல் சுகும்வித் சாலையில்தான். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு 160 சிசி ஸ்கூட்டர் புதிதாக வாங்கினேன். இப்போது 8,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி 3 வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை.

ஒரு மாதமாக, நின்று கிளம்பும்போது வண்டி உதறுகிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு நொடி ஒன்றும் நடப்பதில்லை, அப்புறம் கடகடவென்று ஆடிக்கொண்டு கிளம்புகிறது. வேகம் பிடித்துவிட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் துறைமுகச் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சிக்னலில் பின்னால் கன்டெய்னர் லாரி நிற்கும்போது அந்த ஒரு நொடி எனக்கு உயிர் போய் வருகிறது. மனைவியும் பின்னால் உட்கார்ந்து வருகிறாள்.

வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனேன். முதல் முறை, ஓட்டிக்கூடப் பார்க்காமல் ‘தம்மதா’ என்றார்கள், அதாவது சாதாரணம். பத்து நாள் கழித்து மறுபடி போனேன். கிளட்ச் சுத்தம் செய்ய வேண்டும், அது வாரண்டியில் வராது என்று சொல்லி 650 பாத் வாங்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வண்டி வந்தது. வீட்டில் வந்து பார்க்கிறேன், இடது பக்கம் பெல்ட் கவரின் போல்ட் தலைகளுக்குள் போன மழையில் அடித்த செம்மண் காய்ந்து அப்படியே இருக்கிறது. ஒரு போல்டிலாவது ஸ்பேனர் பட்ட தடம் இருக்க வேண்டாமா? நகத்தால் சுரண்டினேன், மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கவரைக் கழற்றவே இல்லை.

பணத்தை விடுங்கள். நம்பி விட்டுவிட்டு வந்தேனே, அதுதான் மனதைப் போட்டு அறுக்கிறது. ஓசூரில் அப்பாவின் வண்டியைப் பார்த்த மெக்கானிக், ஸ்க்ரூடிரைவர் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, ‘இன்னும் ஆறு மாசம் ஓடும், இப்போ செலவு பண்ணாதீங்க’ என்று சொல்லி அனுப்பிய நாட்களும் உண்டு. அப்படி ஒரு ஆளை இங்கே எப்படிக் கண்டுபிடிப்பது? அதே கம்பெனியின் வேறு சர்வீஸ் சென்டருக்கு வாரண்டியோடு போகலாமா? தெருவில் இருக்கும் சின்னக் கடையில் காட்டினால் வாரண்டி போய்விடுமா? தாய் மொழி எனக்கு எண்களும் சாப்பாட்டுப் பெயர்களும் மட்டும்தான் வரும்.

—

ரயோங்வாசி எழுதியது:

தம்பி, நான் ரயோங்கில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வாரண்டியில் திரும்பி வரும் பாகங்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கடை விஷயம். இப்போதைக்குக் கவரை வெளியில் எங்கும் திறக்காதீர்கள். வெளியில் ஆயில் மாற்றியதற்காக மட்டும் வாரண்டியை மறுப்பது நியாயமில்லை, ஆனால் பழுதுள்ள பகுதியையே வேறொருவர் கழற்றியிருந்தால், ‘இது அவர் செய்த கோளாறு’ என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். இன்று வரை யாரும் கழற்றவில்லை என்பதற்கு அந்தக் காய்ந்த மண்ணே சாட்சி. மீதி போல்டுகளைச் சுரண்டாமல், கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தேதி தெரியட்டும்.

அடுத்து, வண்டிக்கு என்ன ஆயிருக்கும். கிளம்பும்போது மட்டும் உதறினால் பெரும்பாலும் கிளட்ச் ஷூவில் தூசி படிந்திருக்கும், இல்லாவிட்டால் ஷூ தேய்ந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கும். அது தேயும் பொருள். பெல்ட், பிரேக் பேட், பல்பு போல அதையும் பொதுவாக வாரண்டியில் சேர்க்க மாட்டார்கள். அவர்கள் சொன்னதில் அந்த மட்டும் உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் ‘ஒரு நொடி ஒன்றும் நடப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெல்டோ கிளட்சோ வழுக்கினால் அப்படி இருக்கும். வழுக்குவதற்கு ஒரு முக்கியமான காரணம், உள்ளே எண்ணெய் கசிவது. பெல்டும் கிளட்சும் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சொட்டு எண்ணெய் கூட இருக்கக் கூடாது, பெல்ட் உலர்ந்த நிலையில் ஓட வேண்டியது. முன்னால் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம், விட்டுப்போனால் இன்ஜின் ஆயில் உள்ளே வரும். பின்னால் கியர் பக்கத்துச் சீல் விட்டால் கியர் ஆயில் வரும். 8,000 கிலோமீட்டரில் சீல் கசிந்தால் அது தேய்மானக் கணக்கில் வராது. தயாரிப்புக் குறை, வாரண்டியில் செய்தே ஆக வேண்டும்.

இதைக் கழற்றாமலே சோதிக்கலாம். இரவில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இடது பக்கம் பெல்ட் பெட்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை போடுங்கள். பல ஸ்கூட்டர்களில் அந்தப் பெட்டியின் அடியில் ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும். அதன் நுனியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி வந்தால் பெல்ட் தூசி, கவலை இல்லை. பிசுபிசுப்பாக வந்தால் எண்ணெய். கூடவே டிப்ஸ்டிக்கில் இன்ஜின் ஆயில் அளவையும் பாருங்கள், இந்த அளவு வண்டிக்கு மொத்தமே முக்கால் லிட்டர் போலத்தான் ஊற்றுகிறோம், கொஞ்சம் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

வேறு சென்டருக்குத் தாராளமாகப் போகலாம். வாரண்டி கொடுப்பது தயாரித்த கம்பெனி, விற்ற கடை இல்லை. வண்டியின் சேசிஸ் நம்பருக்குத்தான் வாரண்டி, ஆகவே அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்தச் சென்டரும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் ஏன் தட்டிக்கழிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். வாரண்டி கிளெய்ம் என்றால் கடைக்காரர் படம் எடுத்து, படிவம் நிரப்பி, பழைய பாகத்தைப் பத்திரமாக வைத்து அனுப்ப வேண்டும், கம்பெனி ஒத்துக்கொண்ட பிறகுதான் காசு வரும். வாடிக்கையாளரிடம் கையில் வாங்குவது சுலபம். அதனால் விற்பனை மட்டும் ஜோராக நடக்கும் சின்ன ஷோரூமை விட, சர்வீஸ் செய்யும் இடம் நிறைய இருக்கும் பெரிய சென்டராகப் பார்த்துப் போங்கள். சோன்புரி நகரத்துக்குள் போனால் கிடைக்கும். அங்கே கிளெய்ம் பார்ப்பதற்கென்றே ஆள் இருப்பார்.

—

பாங்காக் 11 வருடம் எழுதியது:

இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஆரஞ்சு மேல்சட்டை போட்ட வின் ஓட்டுநர்கள், அதான் மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள், வண்டியை எங்கே விடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஏமாற்றும் கடைக்கு இரண்டாம் முறை போக மாட்டார்கள். நான் இத்தனை வருடமும் அப்படித்தான் கடை பிடிக்கிறேன், ஒருமுறை கூட வருத்தப்பட்டதில்லை. கடை முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாம். ‘அலாய் தே’ என்றால் ஒரிஜினல் பார்ட்ஸ், ‘அலாய் தியாம்’ என்றால் டூப்ளிகேட். நல்ல கடையில் அவர்களே இரண்டு விலையும் சொல்லி, எது வேண்டும் என்று கேட்பார்கள்.

—

ரயோங்வாசி எழுதியது:

வின் ஓட்டுநர்கள் போகும் கடை என்பது அருமையான யோசனை, வாரண்டி முடிந்த வண்டிக்கு நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் இவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. கசிவு உறுதியானால் சீல், பெல்ட், கிளட்ச் மூன்றும் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவை அவர் ஏன் ஏற்க வேண்டும்? கம்பெனி செய்த தவறைக் கம்பெனி திருத்தட்டும். யாரும் கேட்காவிட்டால் இந்தக் குறை தொழிற்சாலைக்குத் தெரியவே தெரியாது. எங்களிடம் பாகம் திரும்பி வந்தால்தான் அடுத்த வண்டியில் அதைச் சரிசெய்ய முடியும்.

—

சியாங்மாய் டீச்சர் எழுதியது:

ஓசூர் தம்பிக்கு, மொழி விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்கும் வந்த புதிதில் இதே கஷ்டம்தான்.

வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். இங்கே பெரும்பாலான கடைகளுக்கு லைன் செயலியில் கணக்கு உண்டு. போவதற்கு முதல் நாளே அதில் செய்தி அனுப்புங்கள்: எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், எப்போது உதறுகிறது, கசிவின் படம், வீடியோ. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போன் மொழிபெயர்ப்பு தப்பு செய்யாது. ‘வண்டி உதறுகிறது. நின்று கிளம்பும்போது. காலையில் அதிகம்.’ இந்த மாதிரி. நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வண்டி போய்ச் சேருவதற்குள் பாகத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அதைவிட முக்கியம், நீங்கள் எந்தத் தேதியில் புகார் சொன்னீர்கள் என்பது எழுத்தில் நின்றுவிடும்.

வாரண்டிப் புத்தகத்தில் ஆண்டைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். புத்த ஆண்டில் எழுதியிருப்பார்கள், 543 கழித்துக்கொள்ள வேண்டும். 2569 என்றால் 2026. சில இடத்தில் 69 என்று மட்டும் இருக்கும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்தப் புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள், முதல் 1,000 கிலோமீட்டர் சர்வீஸில் இருந்து. பில்லுக்கு ‘பை செட்’ என்று கேளுங்கள், தயங்காமல் தருவார்கள்.

இன்னொன்று, குரலை உயர்த்தாதீர்கள். நாலு பேர் முன்னால் சத்தம் போட்டால் இங்கே அதோடு பேச்சு முடிந்துவிடும். மெக்கானிக்கை ‘சாங்’ என்று கூப்பிட்டு, சிரித்த முகமாக, நகராமல் நில்லுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே, நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் எண் 1166.

—

ஓசூர்க்காரன் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நடந்ததை எழுதாமல் இருந்தால் தப்பு.

ரயோங் அண்ணன் சொன்னபடி அட்டை போட்டேன். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் ஐந்து பாத் நாணயம் அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். வடிகுழாயைத் துடைத்தால் துணியில் கறுப்புப் பசை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அட்டையையும் போல்டுகளையும் படம் எடுத்து, டீச்சர் அக்கா சொன்ன மாதிரி சின்ன வாக்கியங்களில் எழுதி, சோன்புரி சென்டருக்கு லைனில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி.

அங்கே இருந்த சாங் ஐம்பது வயதுக்காரர். முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். யாரும் இதுவரை செய்யாத காரியம். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுக் கவரைக் கழற்றினார். உட்புறம் முழுக்கக் கறுப்புக் கூழ், பெல்ட் விளிம்பெல்லாம் நனைந்து பளபளத்தது. பெல்ட் ஓடும் முன்பக்கச் சக்கரமான வேரியேட்டரை எடுத்து, அதற்குப் பின்னால் இருந்த சீலை டார்ச் அடித்துக் காட்டினார். ரப்பர் உதட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு கிழிசல். ‘கிளெம்’ என்றார், கிளெய்ம்தான். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

பாகங்கள் வர ஒன்பது நாள் ஆனது, அதுவரை கம்பெனி வேனில் வேலைக்குப் போனேன். சீல், பெல்ட், கிளட்ச் ஷூ மூன்றும் வாரண்டியில் மாற்றினார்கள். பெல்டும் ஷூவும் கொடுப்பார்களா என்று சந்தேகமாக இருந்தது. எண்ணெய் பட்டுக் கெட்டதால் அவையும் சேர்த்தி என்று கம்பெனிக்கு எழுதி வாங்கினார். இன்ஜின் ஆயிலுக்கு மட்டும் காசு கொடுத்தேன். பழைய பாகங்களைக் கையில் கேட்டேன், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று பையில் போட்டு ஒட்டிய சீட்டைக் காட்டினார். அண்ணா, உங்களைப் போன்ற ஒருவரின் மேஜைக்குத்தான் அது போயிருக்கும்.

அந்த 650 பாத்துக்கு, பழைய ஷோரூமுக்கு லைனில் படங்களோடு எழுதியிருக்கிறேன். படித்துவிட்டார்கள், பதில் வரவில்லை. வரும் திங்கட்கிழமை நேரில் போகிறேன், சத்தம் போடாமல்தான் கேட்பேன்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை, தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். நேற்று வரை உலர்ந்துதான் இருக்கிறது.