ஒரு கிலோமீட்டர் நடந்தால் குழந்தை தேய்ந்துவிடுமா? சிறு பள்ளிகள் இணைப்புப் பற்றி

அஞ்செட்டிச் சாலை:
நேற்று வேறோர் இழையில் கெலவரப்பள்ளி என்ற பெயரில் எழுதும் ஓசூர்ப் பொறியாளர் நண்பர், "இருபது குழந்தைகள்கூட இல்லாத தொடக்கப் பள்ளிகளை அருகிலுள்ள பெரிய பள்ளியோடு இணைத்துவிட்டால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார், தரம் தானாக உயரும், ஒரு கிலோமீட்டர் நடந்தால் எந்தக் குழந்தையும் தேய்ந்துவிடாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சான்றாக அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றைக் காட்டி, அங்கிருந்து அடுத்த பள்ளிக்கு 900 மீட்டர்தான் என்றும் சொல்லியிருக்கிறார். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் பிரிவதற்கு முன்பிருந்தே அந்த மலைப்பள்ளிகளில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த 900 மீட்டரை அவர் எங்கே நின்று அளந்தார்?

கெலவரப்பள்ளி:
ஐயா, செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்தேன். யாரும் அளக்கலாம். பள்ளிக் கட்டடத்தின் கூரையிலிருந்து மற்றப் பள்ளிக் கட்டடத்தின் கூரைவரை 900 மீட்டர். பத்திருபது மீட்டர் கூடலாம், குறையலாம். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருந்தால் போதும் என்பது அரசே வகுத்த விதி. ஆகவே இணைப்பில் விதிமீறல் எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது குழந்தைகள்வரை இரண்டே ஆசிரியர்கள்தாம். பதினான்கே குழந்தைகள் உள்ள அந்த மலைக்கிராமப் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளை நடத்துகிறார்கள் என்றால் அதைப் பள்ளி என்பதா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்பதா? 121 குழந்தைகள் சேர்ந்தால் ஐந்து ஆசிரியர்கள் கிடைப்பார்கள். இது எளிய கணக்கு.

அஞ்செட்டிச் சாலை:
கூரையிலிருந்து கூரைக்கா? மிக்க மகிழ்ச்சி. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு இறக்கை முளைத்ததும் முதலில் தங்களுக்குத்தான் தகவல் சொல்வேன்.

அந்த இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. கோடையில் அது வெறும் மணல். குழந்தைகள் இறங்கி ஏறிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மேலே மலையில் மழை பெய்தால், கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஓடையில் செம்மண் கலந்த வெள்ளம் இறங்கும். அப்போது தார்ச்சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அது எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தங்கள் வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதே மாதங்களில்தான் ராகி கதிர்பிடித்து நிற்கும். தளி, ஜவளகிரிக் காடுகளின் பக்கத்திலிருந்து யானைக் கூட்டம் இறங்கும் காலமும் அதுவே. மாலை நாலரை மணிக்குப் பள்ளி விட்டு, ராகிக் கொல்லைகளின் ஓரமாக ஆறு வயதுக் குழந்தை நடந்து வர வேண்டும் என்று ஓசூரில் மாடிவீட்டில் அமர்ந்து சொல்வது மிக எளிது.

விதியைப் பற்றிப் பேசினார். சட்டத்தின் 6ஆம் பிரிவு அக்கம்பக்கத்தில் பள்ளி வேண்டும் என்று மட்டும் சொல்லி, எல்லையை விதிகளுக்கு விட்டுவிட்டது. மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டர், 6 முதல் 8 வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்று சொன்ன கையோடு, கடினமான நிலப்பரப்பு, நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை ஆகியவை உள்ள இடங்களில் அந்த எல்லையைக் குறைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நண்பர் விதியின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிட்டார் போலும்.

பாலக்கோட்டுத் தக்காளி:
ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பள்ளிகளை மூடச் சொல்வது ஒன்றும் புதிதல்லவே. தொரப்பள்ளியில் பிறந்த ஒருவர் 1953இல் முதலமைச்சராக இருந்தபோது என்ன செய்தார் என்பதைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

கெலவரப்பள்ளி:
இராஜாஜியை இங்கே இழுப்பது மலிவான உத்தி. அவர் கொண்டுவந்தது அரைநேரப் பள்ளித் திட்டம்; காமராசர் 1954இல் அதைக் கைவிட்டார். நான் கேட்பது முழுநேரப் பள்ளி, வகுப்புக்கு ஓர் ஆசிரியர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் எழுதுபவரோடு விவாதிக்க எனக்கு நேரமில்லை. தலைமையாசிரியர் ஐயாவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: 900 மீட்டர் என்பதைத் தாங்கள் மறுக்கவில்லை. ஓடைக்கு ஒரு சிறுபாலம் கட்டச் சொல்லுங்கள். போக்குவரத்துப் படி கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். பாலம் இல்லை என்பதற்காகப் பதினான்கு குழந்தைகளை ஐந்தாண்டுகள் அரைகுறைக் கல்வியில் வைத்திருப்பது என்ன நியாயம்? இராஜஸ்தான் பள்ளி இணைப்பை 2014இலேயே தொடங்கிவிட்டது.

ஈராசிரியர்:
நான் இப்போது பணியில் இருப்பவள். தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. இருவர் பேச்சையும் படித்துக்கொண்டிருக்கிறேன். தரம் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று இருவருமே இதுவரை சொல்லவில்லை. வாசிக்கத் தெரிவதா, பத்தாம் வகுப்பில் மதிப்பெண் வாங்குவதா, இடைநிற்காமல் இருப்பதா?

என் வகுப்பறையைச் சொல்கிறேன். அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு முதல் மூன்று வகுப்புகளையும் ஒன்றாக அமர்த்தி, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு அரும்பில் நிற்கும் பையன் ஒருவன் தரையில் எழுத்தட்டைகளைப் பரப்பி 'ப'வையும் 'ம'வையும் பிரித்துக்கொண்டிருப்பான். அவன் பக்கத்தில் மலர் நிலைச் சிறுமி கதை வாசிப்பாள். இது நன்றாகவே நடக்கிறது. பிள்ளைகள் குறைவு என்பதால் ஒவ்வொருவரிடமும் நான் போய் உட்கார முடிகிறது. ஆனால் உடன் பணியாற்றும் ஆசிரியர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியல் பணிக்கோ போய்விட்டால் நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் என் அறைக்கே வந்துவிடும். பின்பக்கக் கரும்பலகையில் பின்னக் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, முன்பக்கம் அட்டைகளோடு உட்காருவேன். நடுவில் வருகைப்பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். அன்றைக்குப் பின்னம் யாருக்கும் புரிவதில்லை. மூன்றாவதாக ஓர் ஆசிரியரைக் கொடுங்கள் என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கெலவரப்பள்ளி:
அம்மா, தாங்கள் என் கட்சியைத்தான் ஆதரிக்கிறீர்கள். இணைத்தால் அந்த மூன்றாவது ஆசிரியர் தானாகவே கிடைப்பார். 900 மீட்டரில்.

அஞ்செட்டிச் சாலை:
ஆசிரியை சொன்னது பள்ளியின் குறையன்று; ஆசிரியரை வகுப்பறையிலிருந்து கிளப்பிக்கொண்டு போகும் அலுவலகங்களின் குறை. பெரிய பள்ளியில் மட்டும் பயிற்சிக்கும் பட்டியலுக்கும் ஆள் எடுக்கமாட்டார்களா?

நண்பர் போக்குவரத்துப் படி என்றார். நான் பணியாற்றிய வட்டாரத்தில் ஆட்டோ வைத்துக் குழந்தைகளை ஏற்றி வந்ததைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் ஆட்டோ வரும். ஓட்டுநருக்குச் சேர வேண்டிய பணம் தாமதமாகும்போது அவர் தக்காளிப் பெட்டி ஏற்றப் போய்விடுவார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெரிய பிள்ளைகள் நடந்து வருவார்கள். முதலில் நின்றுபோவது ஒன்றாம் வகுப்புக் குழந்தை. அடுத்து நிற்பது, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டிலேயே தங்க வைக்கப்படும் நான்காம் வகுப்பு அக்காள். வருகைப்பதிவேட்டில் இருவரும் 'நீண்ட நாள் வராதவர்' என்ற கட்டத்துக்குள் போவார்கள். அந்த அக்காளுக்குப் பதினாறு, பதினேழு வயதில் திருமணப் பேச்சு எடுப்பார்கள் என்பது நம் இரு மாவட்டத்திலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காலை உணவுத் திட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. முதல் மணி அடிப்பதற்கு முன்பே உப்புமாவோ கிச்சடியோ பரிமாறுகிறார்கள். உள்ளூர்ப் பள்ளி என்றால் பிள்ளை எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஓடிவிடும். ஓடைக்கு அப்பால் என்றால் விடிந்தும் விடியாமல் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் யானை கொல்லையிலிருந்து காட்டுக்குத் திரும்பியிருக்குமா என்பதை யார் பார்த்துச் சொல்வது?

இன்று இருபது என்கிறார். உத்தரப் பிரதேசத்தில் 2025இல் ஐம்பதுக்குக் குறைந்த பள்ளிகளை இணைக்க ஆணையிட்டார்கள். எண் எங்கே நிற்கும் என்று எழுதித் தருவாரா?

பாலக்கோட்டுத் தக்காளி:
ஐயா சொல்வது எல்லாம் சரிதான், ஆனால் ஒன்று. என் மகளை நான் தனியார் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறேன். வேன் ஊர் ஊராகச் சுற்றி ஒரு மணி நேரம் போகிறது. அதில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள், ஒருவரும் தேயவில்லை. ஊரில் மழலையர் வகுப்பு இல்லை, ஆங்கிலம் இல்லை. மூன்று வயதில் வேனில் ஏறிய பிள்ளை ஆறு வயதில் அரசுப் பள்ளிக்குத் திரும்பி வருமா? மூடுவதா வேண்டாமா என்று நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பள்ளியை வேன்காரர் எப்போதோ மூடிவிட்டார்.

அஞ்செட்டிச் சாலை:
அப்படித் தூக்கிக்கொண்டு போனவர்களால்தான் அறுபது பேர் இருந்த பள்ளி பதினான்காயிற்று. இப்போது வந்து ஆள் குறைவு என்கிறீர்கள். மழலையர் வகுப்பே இல்லை என்பதும் சரியன்று. 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கினார்கள்.

பாலக்கோட்டுத் தக்காளி:
எங்கள் ஊர் அந்த 2,381இல் இல்லையே ஐயா. கல்வி உரிமைச் சட்டம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளில் தரும் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் அரசே கட்டணம் கட்டித் தனியார் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளும் அந்த வேனில் இருக்கிறார்கள். தூக்கிக்கொண்டு போனது நாங்கள் மட்டுமா? அது கிடக்கட்டும், தங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

வேப்பனப்பள்ளி:
இடையில் ஒரு வார்த்தை. எங்கள் எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில்தான் முதன்முதலாகத் தமிழ்ப் பாடத்தில் உட்காருகிறார்கள். ஊர்ப்பள்ளி என்றால் ஆயாவுக்காவது, சமைக்கும் அம்மாவுக்காவது அவர்கள் பேச்சு புரியும். பெரிய பள்ளியில் அந்தக் குழந்தை தண்ணீர் கேட்பதற்கே அஞ்சும். இது யாருடைய கணக்கிலும் வரவில்லை.

கெலவரப்பள்ளி:
மொழிச் சிக்கலைத் தனி இழையில் பேசலாம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு எண்களைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, தருமபுரி 68.5, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.5. ஊருக்கு ஊர் பள்ளி வைத்திருந்துதான் இந்த நிலை.

அஞ்செட்டிச் சாலை:
ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன அத்தனை பேரையும் எண்ணியது அந்தக் கணக்கு. தம் காலத்தில் ஊரில் பள்ளியே இல்லாததால் கைநாட்டு வைத்த பாட்டிமார்களும் அதில்தான் அடக்கம். பள்ளி இல்லாததால் விளைந்த எண்ணைக் காட்டிப் பள்ளியைக் குறைக்கச் சொல்லும் துணிச்சல் பொறியாளர்களுக்கே வரும். தருமபுரி கடைசி என்பதைச் சொல்லும்போது மட்டும் ஓசூர்க்காரர்கள் முகத்தில் வரும் மலர்ச்சியை நான் 2004 முதல் பார்த்து வருகிறேன். தொழிற்பேட்டையில் கூலிக்கு மட்டும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேண்டும்.

ஈராசிரியர்:
நான் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. மூன்றாவது ஆசிரியர்?

கெலவரப்பள்ளி:
என் பதவியையும் ஊரையும் இழுக்காமல் ஐயாவால் ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. ஓடை, யானை, ஆட்டோ, பாட்டி என எல்லாம் வந்துவிட்டன. கேள்வி ஒன்றே. அந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையே உள்ள தொலைவு 900 மீட்டரா, இல்லையா?

அஞ்செட்டிச் சாலை:
குழந்தை நடக்கும் வழியில் இல்லை. காகம் பறக்கும் வழியில் இருக்கலாம். காகத்துக்குக் கட்டாயக் கல்வி இன்னும் வரவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் வாருங்கள். அந்தப் பதினான்கு பேரில் மிகச் சிறிய குழந்தையின் புத்தகப்பையைத் தாங்கள் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். நான் பின்னால் வருகிறேன். அளவு நாடாவை நானே கொண்டு வருவேன்.

பாலக்கோட்டுத் தக்காளி:
ஐயாவின் பிள்ளைகள் படித்த பள்ளி எது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

அஞ்செட்டிச் சாலை:
அது இந்த இழைக்குத் தொடர்பில்லாதது. தொலைவைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

கெலவரப்பள்ளி:
தொலைவைப் பற்றித்தான் நானும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூரையிலிருந்து கூரைக்கு 900 மீட்டரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் சொன்னால் போதும், ஐயா.