காப்பீட்டுப் பணத்துக்காகத் தீவைப்பு: மாதிரி ஏன் பொய்த்துப்போகிறது?

கேள்வி: கிடங்கில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியதாகச் சந்தேகம். அங்கே எடுத்த மாதிரியைச் சோதித்த அரசுத் தடயவியல் ஆய்வகமோ ‘எதுவும் இல்லை’ என்கிறது. எங்கே தவறுகிறது?

பதில் 1: பெரும்பாலும் மாதிரியை அடைக்கும் உறையில்தான். சாதாரண பாலித்தீன் பையில் ஆவி கசிந்துவிடும். காற்றுப்புகாத புதிய தகர டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். மேலே தங்கும் ஆவியைத்தான் கேஸ் குரோமட்டோகிராப்பில் (ஆவியிலுள்ள சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் கருவி) சோதிப்பார்கள். முழுக்கக் கரியான பகுதியை விட்டுவிட்டு, தரை விரிசல், சுவரோரம், கம்பளத்தின் அடிப்பாகம் பாருங்கள். மாதிரிக்கு மாதிரி கையுறையை மாற்றியே ஆகவேண்டும்.

பதில் 2: திரவம் படாத இடத்திலிருந்து அதே கம்பளத்தின் ஒப்பீட்டு மாதிரியும் தேவை. ஏனென்றால், கம்பளத்தின் பசையும் நுரைப்பஞ்சும் எரிந்தாலே பெட்ரோலியத்தை ஒத்த சேர்மங்கள் வரும்.

பதில் 3: ஆய்வகம் ஆளைக் காட்டாது. பாலிசித் தொகை அண்மையில் கூடியதா, தீக்குமுன் சரக்கு வெளியேறியதா என்று பதிவேடுகளை உடனே கைப்பற்றுங்கள்.