மெற்றாஸ்ரசிஸ்: ‘இடப்பெயர்வு’ வேண்டாம், வேறு சொல் வேண்டும்

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பு, கிளிநொச்சி

வணக்கம். நோயாளர் கையேட்டின் வரைவில், புற்றுக் கலங்கள் முதலிடத்திலிருந்து உடலின் வேறிடம் போய் வளர்வதைக் குறிக்கும் மெற்றாஸ்ரசிஸ் என்பதற்கு ‘நோய் இடப்பெயர்வு’ என்று போட்டிருக்கிறது. கிரேக்கச் சொல்லின் பொருளும் இடம் மாறுதல்தான். ஆனால் வன்னியில் இதைப் போடக் கூடாது. இங்கே இடப்பெயர்வு என்றால் 2008, 2009. கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, வீட்டை வெறுமையாக விட்டுப் போனது. மார்பிலிருந்து ஈரலுக்கு இடம்பெயர்ந்தது என்று எழுதினால், “அப்ப மார்பிலை இனி ஒண்டும் இல்லைத்தானே?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, சொல்தான் பிழை. கலங்கள் வேறிடம் போனாலும் முதலிடத்துப் புற்று தானாக ஒழிந்துவிடாது.

‘பரவல்’ அதைவிட மோசம். டெங்குப் பரவல் என்று கேட்டுப் பழகிய காது அதைத் தொற்றென்றே எடுக்கும். நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கிவிடுவார்கள். புற்றுநோயாளியைத் தொடுவதாலோ அவரோடு சேர்ந்து உண்பதாலோ அந்த நோய் வராது.

என் முன்மொழிவு ‘விதைப்புற்று’. ஸ்ரீபன் பஜெற் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை மருத்துவர் மார்புப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, வித்து எங்கும் சிந்தினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று 1889இல் எழுதினார். வயல் செய்கிற சனத்துக்கு இது உடனே விளங்கும்.

அனுப்புபவர்: ஆய்வுகூடம், வவுனியா

அக்கா, கருத்து நல்லது, சொல் ஆபத்து. விதைப்புற்று என்றால் ஆண்களின் விதையில் வரும் புற்று என்றே படிப்பார்கள். அந்த நோய்க்கு ஏற்கெனவே அதுதான் பெயர். ‘முளை’ என்று மாற்றினாலும் ஆகாது. அவசரக் கையெழுத்தில் முளையும் மூளையும் ஒன்றுபோலத் தெரியும். மூளை, புற்று அடிக்கடி போகிற இடங்களில் ஒன்று. ‘சேய்க்கட்டி’ என்று சிலர் எழுதுகிறார்கள். கருப்பைப் புற்றுள்ள பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வராது.

‘கிளைக்கட்டி’ எப்படி? வங்கிக் கிளையை நினையுங்கள். மாங்குளத்தில் கிளை திறந்தாலும் தலைமையகம் இருந்த இடத்தில்தான், பெயரும் அதே பெயர்தான். மார்புப் புற்று ஈரலுக்குப் போனால் அது ஈரல் புற்று ஆகாது. ஈரலில் சோதனைக்கு எடுத்த சதைத் துணுக்கிலும் (பயொப்சி) மார்பின் கலமே தெரியும். மருந்தும் மார்புப் புற்றுக்கான மருந்தே. முதலிடத்தில் இருப்பது ‘முதற்புற்று’. ‘மூலக்கட்டி’ என்றால் மூலவியாதி என்று நினைப்பார்கள்.

அனுப்புபவர்: தாதி உத்தியோகத்தர், முல்லைத்தீவு

கிளை சரி அண்ணை, கட்டிதான் சரியில்லை. நெஞ்சறையில் நீர் கோர்ப்பதும் இதனால் வரலாம், அங்கே கையில் தட்டுப்படக் கட்டி இராது. நிணநீர்க் கணுவில் புற்று 0.2 மில்லிமீற்றருக்கு மேல் 2 மில்லிமீற்றர் வரை இருந்தால் ஆய்வுகூடம் அதைத் தனியாகக் குறிக்கிறது. அதை எந்த விரல் தொட்டறியும்? ‘கிளைப்புற்று’ என்றால் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். சிறியது ‘நுண்கிளைப்பு’.

இன்னொரு குறை இருக்கிறது. மரக்கிளை மரத்தோடு ஒட்டியே இருக்கும். பக்கத்துச் சதைக்குள் நேரே புகுவதையும் கிளைப்பு என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு ‘ஊடுருவல்’ என்பதைத் தனியாக வைப்போம். கமக்கட்டில் நெறி கட்டியிருப்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். நோய்நிலைக் குறிப்பில் அதே பக்கக் கமக்கட்டுக் கணு ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தில் வரும், ஈரலும் எலும்பும் ‘எம்’ (M) எழுத்தில் வரும். ‘எம் 1’ என்றால் மார்புப் புற்றில் நான்காம் நிலை. ஆகவே கணுவுக்குக் ‘கணுக்கிளைப்பு’, எம்முக்குத் ‘தொலைக்கிளைப்பு’. இரண்டும் ஒரே சொல்லானால், கணு மட்டும் உள்ளவரும் நான்காம் நிலை என்று பயந்து சிகிச்சையையே கைவிடக்கூடும்.

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பு, கிளிநொச்சி

விதையைக் கைவிடுகிறேன். வரைவைத் திருத்தியிருக்கிறேன், பாருங்கள்:

“முதற்புற்றிலிருந்து பிரிந்த கலங்கள் குருதி வழியாகவோ நிணநீர் வழியாகவோ வேறிடம் போய் வளர்வது கிளைப்புற்று. முதற்புற்றின் பெயரே இதற்கும் பெயர். இது மற்றவருக்குத் தொற்றாது. முள்ளந்தண்டில் கிளைப்புற்று உள்ளவருக்குக் கால் திடீரென வலுவிழந்தாலோ, சலம் மலம் கட்டுப்படாமல் போனாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.”

‘சலம் மலம்’ என்பதை அப்படியே விடுகிறேன். ‘சிறுநீர்’ என்று மாற்ற வேண்டுமென்றால் எழுதுங்கள்.